பன்னிரண்டாம் தட்டு

1.
ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்த வரலாற்றை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. எங்கள் மடத்தலைவர் எங்கில்மார் எழுதச் சொன்னார். பெனடிக்ட் சபைத் துறவிக்குத் தலைவர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. பன்னிரண்டு துறவிகள்கூட இல்லாத மடங்களை ஆற்றுக்கு அப்பாலுள்ள பெரிய மடத்தோடு சேர்த்துவிட மறைமாவட்ட ஆயர் முடிவெடுத்திருக்கிறார். நாங்கள் பதினொரு பேர். நாளை மதியம் வருகிறார். அவர் முன்னால் நான் இதைப் படித்தாக வேண்டும்.

"ராஜா கட்டின மடம்னு எழுதுப்பா. ராஜா பேரச் சொன்னா கை வைக்க யோசிப்பாரு" என்றார் தலைவர்.

"எந்த ராஜா சாமி?"

"செத்துப்போனவரா ஒருத்தரப் பாத்துப் போடு."

2.
முதல் தொடக்கம்: [வேட்டைக்கு வந்த பேரரசர் இந்த ஓடைக்கரையில் வழி தவறி—]

சுரண்டிவிட்டேன். இங்கே வேட்டையாட ஒரு முயல்கூடக் கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: [புனிதர் ஒருவரின் விரல் எலும்பு எங்கள் பீடத்தில்—]

சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் கோஸ்பெர்ட் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"நம்மகிட்ட இருக்கிறது மீன் முள்ளுதான் அண்ணே. வேணும்னா கழுவித் தர்றேன்."

(ஆட்டுத்தோலில் சுரண்டினால் மை போகும், தடம் போகாது. வெளிச்சத்தில் பிடித்தால் என் பொய்கள் உங்களுக்குத் தெரியும். தெரியட்டும்.)

3.
சரி, நடந்தது இதுதான். ஏழு பேர் கோடரியோடு வந்து காட்டைத் திருத்திக் கட்டிய மடம் இது. கோயில் கூரை போடும்போது அந்த ஏழு பேரில் ஒருவரான அடலோ விழுந்து இறந்தார். எங்கள் முதல் சாவு. துறவி இறந்தால் முப்பது நாள் அவருடைய இடத்தில் தட்டு வைத்து, அந்தச் சாப்பாட்டை வாசலில் ஓர் ஏழைக்குக் கொடுப்பது வழக்கம். முப்பதாம் நாள் தலைவர் "போதும்" என்று சொல்ல வேண்டும். அன்றைய தலைவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எழுந்தபோது மறந்துவிட்டார். தலைவர் சொல்லாமல் எங்கள் மடத்தில் ஒரு கரண்டிகூட இடம் மாறாது. ஆகவே தட்டும் மாறவில்லை. அடுத்து வந்த தலைவர்களுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

நூற்று நாற்பத்து மூன்று வருஷம் ஆகிறது. பஞ்ச வருஷத்தில் எங்கள் ரொட்டி பாதியானது. அடலோவின் ரொட்டியை யாரும் தொடவில்லை. இதை எழுதும்போது என் நெஞ்சு நிமிர்கிறது. துறவிக்குப் பெருமை கூடாதுதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

படித்துக் காட்டினேன். தலைவர் முகம் வெளுத்தது.

"இது நம்ம மறதிப்பா. கேட்டதும் ஆயர் நிறுத்துன்னுடுவாரு. மடமும் போகும், தட்டும் போகும்."

4.
(இந்தப் பகுதியை எழுதத் திட்டமிடவில்லை. நடந்துவிட்டது.)

கோஸ்பெர்ட் பாதி நிறைந்த தட்டோடு உள்ளே வந்தார்.

"வாசல்ல தெனம் அடலோ சாப்பாட்ட வாங்குற, கூடை பின்னுற ஹெம்மா பாதியத் திருப்பிக் குடுத்துட்டா சாமி."

"ஏன், உப்பு கூடிப்போச்சா?"

"அடலோ உயிரோட இருக்காருன்னே இத்தனை நாளா நெனச்சிருக்கா. 'எனக்காக அந்த அய்யா தெனம் பட்டினி கெடக்காரு. நாளைக்கு ஆயர் முன்னால தெம்பா நிக்கணும்ல? அவரையே சாப்பிடச் சொல்லுங்க'ங்கிறா."

தலைவர் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"பந்தியில எத்தனை தட்டு போடுறோம்?"

"பன்னிரண்டு சாமி."

"ராஜாவெல்லாம் வேண்டாம். நீ எழுதினதையே படி. எத்தனை பேருன்னு கேட்டா, பந்திய எண்ணிக்கச் சொல்றேன்."

அவர் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டு நான் அறிந்ததில்லை.

5.
முடிவு ஒன்று: [ஆயர் பன்னிரண்டு வரை எண்ணி, கண்ணைத் துடைத்து—]

முடிவு இரண்டு: [ஆயர் எழுந்து, "செத்தவனுக்கு என்ன சாப்பாடு?" என்று—]

இரண்டையும் சுரண்டிவிட்டேன். நாளை நடக்கப்போவதை இன்றே எழுதினால் அதுவும் ராஜா கதைதான். கீழே நான்கு விரல் இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எந்தக் காலத்தில் படித்தாலும், முதலில் உணவறைக்குப் போய்க் கதவோரத்தில் அடலோவின் இடத்தைப் பாருங்கள். தட்டு இருந்தால் எழுதிக்கொண்டு நிற்காதீர்கள், ஆறுவதற்குள் வாசலுக்குக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால், "போதும்" என்று சொன்னவர் எங்கள் மடத்தார் இல்லை என்று மட்டும் இங்கே எழுதிவிடுங்கள்.