கேட்காமல் வந்த இஸ்திரிப்பெட்டி

“கேக்காம ஒருத்தர் குடுத்தா திருப்பித் தரணுமாம்மா?” என்று மகள் ஒருமுறை கேட்டாள். தையல்காரி அப்போது பார்சலைப் பிரித்துப் புது இஸ்திரிப்பெட்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

“மாமா அனுப்பியிருப்பான்டி” என்றாள். சொல்லாமல் கொள்ளாமல் எதையாவது அனுப்பிவைப்பது தம்பியின் வழக்கம். பழைய பெட்டி மக்கர் பண்ணிக்கொண்டிருந்த நேரம். தைத்து வைத்திருந்த பள்ளிச் சீருடைகளை அன்றே அதில் தேய்த்துக் கொடுத்துவிட்டாள்.

பிறகுதான் பெட்டியை அனுப்பிய கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது.

“பெட்டிக்குப் பணம் கட்டுங்க.”

“நான் ஆர்டரே பண்ணலையே சார்.”

“பிரிச்சு யூஸ் பண்ணிட்டீங்கல்ல? கட்டலைன்னா ஆளுங்க வந்து உங்க தையல் மெஷினைத் தூக்கிடுவாங்க.”

தம்பியைக் கூப்பிட்டாள்.

“நான் அனுப்பலைக்கா. போன தடவையே காசைக் கரியாக்குறேன்னு திட்டினியே, இனி அனுப்புவேனா?” என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மெஷின்தான் அவளுக்கும் மகளுக்கும் சோறு போட்டது. படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே தையல் கோணியது.

மாடி வீட்டுக்குப் பார்சல் கொண்டுவந்த கூரியர்காரரை மடக்கினாள். “ஏண்ணே, இப்படி என் தலையில கட்டிட்டுப் போயிட்டீங்களே!”

அவர் தெருவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவங்க பொழப்பே இதாம்மா. பயந்தவங்க கட்டிடுவாங்க. நுகர்வோர் மையத்துல கேளுங்க. நான் சொன்னதா மட்டும் சொல்லிடாதீங்க, வேலை போயிடும்.”

அவருடைய தோள்பையின் வார் அறுந்து, கயிற்றால் முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

நுகர்வோர் மையத்துப் பெண் பொறுமையாகப் பேசினாள். “நீங்க கேக்காத பொருளுக்குப் பணம் கேக்க அவங்களுக்கு உரிமை இல்லைம்மா. உபயோகிச்சிருந்தாலும் சரி. திருப்பி அனுப்பணும்னும் இல்லை. புகாரை எழுதிக்கிறேன்.”

அடுத்த ஃபோனைக் கடவுளை நினைத்துக்கொண்டு எடுத்தாள். “நான் கேக்கலை, கட்டவும் மாட்டேன்.”

“யாரு சொல்லிக் குடுத்தா? பார்சல் கொண்டுவந்த ஆளா?”

“நுகர்வோர் மையத்துல சொன்னாங்க. புகாரும் குடுத்தாச்சு. இனி அவங்ககிட்டப் பேசிக்கோங்க.”

ஃபோன் துண்டிக்கப்பட்டது. யாரும் வரவில்லை. ஆனாலும் செருப்புச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது பல நாள் நிற்கவில்லை.

ஒரு மதியம், கனத்த பெட்டி ஒன்றை மேல்மாடிக்குச் சுமந்துபோன கூரியர்காரர், பையைப் படிக்கட்டின் அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தையல்காரி தடித்த ஊசியும் முறுக்கு நூலும் எடுத்து வந்து, முடிச்சை அவிழ்த்து, வாரை மடித்து இரட்டைத் தையல் போட்டாள். கயிற்றைச் சுருட்டிப் பைக்குள்ளேயே வைத்தாள்.

மேலே படியிறங்கும் சத்தம் கேட்டது. நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.