ஆபரேசன் பண்ணாத கண்

விவசாயச் சங்கத் துரைராசு கட்டைவிரலால் இமையை மறுபடியும் இழுத்துப் பிடித்தார். விரலை எடுத்ததும் இமை பழைய இடத்துக்கே போய்விட்டது. செல்லதுரையின் வலது கண் மூடியிருந்தது. இடது கண் கூரையைப் பார்த்தபடி திறந்து கிடந்தது.

"ஆசை தீராமப் போயிட்டான்" என்றாள் பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள்.

"ஆசையுமில்ல, ஒண்ணுமில்ல. தோலு பத்தல" என்றாள் அம்சம். "விடுங்கண்ணே. ஆபரேசன் பண்ணாத கண்ணு அது. மூடாது."

அவள் புருசன் செல்லதுரைக்குப் பிறவியிலிருந்தே உடம்பெல்லாம் செதில் செதிலாக வறண்ட தோல். அது இறுகி இறுகி இமைகளை வெளிப்பக்கமாகப் புரட்டிவிட்டிருந்தது. தூங்கும்போதும் கண் மூடாது. தூசி விழுந்து புண்ணாகிப் பார்வை மங்கத் தொடங்கியதும் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து வலது கண்ணின் இமையில் வைத்துத் தைத்தார். தையல் பிரித்து வீடு வந்த மத்தியானம் அவன் அசந்து தூங்கினான். கல்யாணமான நாளாய் அவன் ஒரு கண்ணையாவது மூடி அவள் பார்த்ததில்லை. உலையில் சோறு குழைந்துபோனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இடது கண்ணுக்கு ஆவணியில் வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அதற்குள் அவன் குத்தகைக்கு உழுத பண்ணை நிலத்தில் தகராறு வந்துவிட்டது. சாகுபடி செய்பவனை வெளியேற்றக் கூடாதென்று புது ஆட்சியில் சட்டம் வந்திருந்தது. செல்லதுரை குத்தகைக்காரனே இல்லை, கூலிக்காரன்தான் என்று பண்ணையார் சாதித்தார்.

"நான் ஆஸ்பத்திரியில படுத்தா குறுவைய அவங்க அறுத்துக்கிட்டுப் போயிடுவாங்க" என்றான் செல்லதுரை. "நெல்லு வீடு வரட்டும். போவலாம்."

இன்று காலையில் பண்ணையின் காரியக்காரர் வெளியூர் ஆட்களை அரிவாளோடு வயலில் இறக்கினார். செல்லதுரை அவர்களை மறித்து நடுவயலில் போய் நின்றுகொண்டான். அவன் தோலுக்கு வேர்வை கிடையாது. வெயிலில் நின்றால் உடம்பு கொதிக்கும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அம்சம் குடத்தோடு ஓடினாள். வரப்பில் நின்ற போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே நீட்டினார்.

"தகராறு நடக்குற எடம். யாரும் எறங்கக் கூடாது."

"சண்டைக்கு வரலீங்க. அவரு மேல தண்ணி ஊத்தணும்ங்க."

"சொன்னா கேளும்மா."

அவள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே செல்லதுரை கதிருக்குள் சாய்ந்தான்.

இமையை விட்டுவிட்டு எழுந்த துரைராசு அவளை வீட்டு வேலிப்பக்கம் கூப்பிட்டார்.

"இன்ஸ்பெக்டர் வர்றாரு. காரியக்காரர் ஆளுங்க அடிச்சதுல விழுந்தாருன்னு சொல்லிடு. அப்பதான் கேசு நிக்கும், நெலமும் நிக்கும்."

"யாரும் அடிக்கலண்ணே."

"எனக்குத் தெரியாதா?"

"தண்ணி ஊத்த விடல. அதச் சொல்றேன்."

"அதுக்கெல்லாம் கேசு போட மாட்டாங்கம்மா."

அம்சம் உள்ளே போய், அந்த இடது கண்ணோரம் ஒட்டியிருந்த வைக்கோல் தூசியை முந்தானை நுனியால் எடுத்தாள்.

இன்ஸ்பெக்டரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். லத்தி நீட்டியவரைக் கைகாட்டினாள். அந்தப் போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெயில் தாங்காமல் இறந்துபோனதாக இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு துரைராசு அவளோடு பேசவில்லை. ஆனால் பாடையைத் தூக்கும்போது முதல் ஆளாக வந்து தோள் கொடுத்தார்.

மறுநாள் பால் தெளிக்கப் போன ஆண்கள் திரும்புவதற்குள் அம்சம் அரிவாளோடு கிளம்பினாள்.

"இன்னிக்கேவாடி?" என்றாள் கண்ணாத்தாள்.

"நாளைக்கு அவங்க வந்துடுவாங்க."

சாவு விழுந்ததால் வெளியூர் ஆட்கள் அறுவடையைப் பாதியில் விட்டுப் போயிருந்தார்கள். காவலுக்கு வேறொரு போலீஸ்காரர் இருந்தார். அவளைப் பார்த்து எழுந்தவர், என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவள் மேற்கு மூலையிலிருந்து அறுத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாத்தாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் இறங்கினாள்.

நடுவயலில் ஓர் ஆள் நீளத்துக்குக் கதிர்கள் மடிந்து கிடந்தன. அந்த இடத்தை விட்டுவிட்டு அம்சம் சுற்றி அறுத்தாள்.