சம்பந்தி ஏற்றியதை நான் இறக்கினேன்

என் மகள் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறாள். வண்டிக்கு நம்பர், கதவுக்குப் பெயர் என்று கம்ப்யூட்டரில் வரைந்தால், பக்கத்து மிஷின் வெட்டிக் கொடுக்கும். அந்தக் கம்ப்யூட்டரை ஓட வைக்கிற லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவர் அவளுடைய மாமனார், என் சம்பந்தி. இலவசமாம். சும்மா கொடுக்கிறவனை நான் நம்புவதில்லை. சம்பந்தியையும்தான்.

முன்பெல்லாம் பல்பு மாற்றக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். இப்போது எதற்கெடுத்தாலும் மாமா. அவர் வந்து ஒரு கறுப்புக் கட்டத்தைத் திறப்பார். இன்ஸ்டால் என்று அடித்து, ஏதோ ஒரு பெயரைச் சேர்ப்பார். பாஸ்வேர்ட் கேட்டதும் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். மகள்தான் அடிப்பாள். புதுச் சாமான் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

"மாமா இல்லேன்னா இந்தக் கடையே இல்ல" என்பாள். எனக்கு வயிறு எரியும்.

"வேண்டாம்னா ரிமூவ்னு அடிச்சா போதும் சம்பந்தி, போயிடும். விருந்தாளி மாதிரி உக்காந்துட்டே இருக்காது" என்று ஒருநாள் என்னையே பார்த்துச் சொன்னார்.

அதை மனதில் வைத்துக்கொண்டேன். நேற்று மகள் ஒரு வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டப் போனாள். கடையில் நான் மட்டும். காலையில் கடை திறக்கிறவன் நான் என்பதால் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். வாண்டு. சின்ன வயதில் அவளை நான் கூப்பிட்ட பெயர்.

ஏற்றிய சாமான்களில் சம்பந்தி வாயில் அடிக்கடி வரும் பெயர் பைத்தான். எழுத்துக் கூட்டி, ரிமூவ் பைத்தான் என்று அடித்தேன். அதோடு சேர்ந்து போகிறவை என்று திரை நிறையப் பெயர்கள் ஓடின. இத்தனையும் இவர் குடிவைத்ததா? மொத்தக் கூட்டமும் கிளம்பட்டும் என்று சரி சொன்னேன்.

படமெல்லாம் போய், கறுப்பில் வெறும் எழுத்து மட்டும் நின்றது. அணைத்துப் போட்டும் அதே கதை.

திரும்பி வந்த மகள், "என்னப்பா ஆச்சு?" என்றாள்.

"தானா போயிடுச்சு. ஓசிச் சாமான் வேற எப்படி இருக்கும்?"

அவள் மாமாவுக்குப் போன் போட்டாள். அவர் வந்தார், சுவரைப் பார்த்தார், அவள் பாஸ்வேர்ட் அடித்தாள். பிறகு அவர், கடைசியாக அடித்ததைக் காட்டுகிற ஒரு பொத்தானைத் தட்ட, நான் அடித்த வரி அப்படியே வந்து நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை அழித்தார்.

"அடித்தூண் போயிருக்கும்மா. அதான் மேல நின்னதெல்லாம் கூடவே போயிடுச்சு. முந்தாநாள் நான்தான் எதையோ தப்பா ஏத்திட்டேன்."

"பொய் சொல்லாதீங்க மாமா. பாஸ்வேர்ட் இல்லாம எதையும் எடுக்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அது எனக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும்."

அவருக்குச் சொல்லாததை எனக்குச் சொல்லியிருந்தாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

போனதையெல்லாம் அவர் மறுபடி ஏற்றி முடித்தார். படம் வந்தது. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாஸ்வேர்டை மாத்தப் போறேன்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

சம்பந்தி வழக்கம்போல எழுந்து சுவர்ப் பக்கம் போனார். நான் உட்கார்ந்தே இருந்தேன். அவள் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது.

"அப்பா, நீங்களும்."

எழுந்து போனேன். சம்பந்தி கொஞ்சம் நகர்ந்து சுவரில் எனக்கு இடம் விட்டார். அந்த மரியாதையும் எனக்குப் பிடிக்கவில்லை.