பெட்டியைத் திருப்பித் தாருங்கோ

பயணிகளின் வட்ஸ்அப் குறூப்பில் அந்தச் செய்தியை எழுதும்போது செலீனுக்குக் கோபம் இருக்கவில்லை. கோபமெல்லாம் பிறகுதான் வந்து சேர்ந்தது, வட்டியோடு.

"அன்பான பயணிகளே, ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் சாப்பாடு தந்த எவர்சில்வர் பெட்டிகளைத் தவறுதலாக வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் தயவுசெய்து திருப்பித் தாருங்கோ." இவ்வளவுதான். 'தவறுதலாக' என்று போட்டாள், 'தயவுசெய்து' என்றும் போட்டாள். கடன்காரனுக்குக்கூட இத்தனை மரியாதையாக யாரும் எழுதுவதில்லை.

திங்கள் மாலைக்குள் செலீன் ரூர்ஸ் என்ற அவளுடைய சுற்றுலா நிறுவனத்தின் மானம் இணையத்தில் ஏலம் போய்க்கொண்டிருந்தது. 'என் அம்மாவைக் கள்ளி என்கிறார்கள்' என்று ஒருவர். 'கிஃப்டைக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்கும் உலகின் ஒரே நிறுவனம்' என்று இன்னொருவர். எல்லாவற்றுக்கும் தலையில் ஒற்றை நட்சத்திரம். நோர்வேயிலிருந்து ஒருவர் பஸ்ஸில் ஏசி வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தார். அவர் கனடாவுக்கு ஒருமுறைகூட வந்தவரல்லர். இங்கே பஸ்ஸில் போன அத்தை மகளுக்கு அவமானம் என்றதும் ஒஸ்லோவில் இருந்தபடியே அவருக்கு வியர்த்திருக்கிறது.

செலீன் ரூர்ஸ் என்றால் ஒரு பழைய பஸ், ஒரு ஸ்காபரோ சமையலறை, ஒரு தம்பி. சமையலும் பயணமும் செலீனுடையவை. தம்பி மாக்கஸ் பஸ்ஸை ஓட்டுவான், இணைய விளம்பரத்தையும் பார்த்துக்கொள்வான்.

இந்தத் தொழிலுக்கு முன்னால், கனடாவுக்கு வந்து பார்க்டேலில் குடியேறிய காலத்திலிருந்து, அவள் நகர மையத்து ஹோட்டல் ஒன்றில் கட்டில் விரிப்பு மாற்றியவள். அங்கே ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு சின்ன அட்டை நிற்கும்: துவைக்கப் போடாமல் துவாயை இன்னொரு முறை பாவியுங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள். வரவேற்பறையில் மூன்று நிறத்தில் மூன்று குப்பைத்தொட்டிகள். நிலவறைக்குப் போனதும் மூன்றும் ஒரே வாய்க்குள் கொட்டப்படும். கொட்டியவள் செலீன். அட்டையைத் தினமும் தூசு தட்டி நிமிர்த்தி வைத்தவளும் அவள்தான். அந்த எரிச்சலில்தான், தன் பஸ்ஸில் ஒரு பிளாஸ்ரிக் கரண்டிகூட ஏறாது என்று முடிவெடுத்தாள். சோறும் கறியும் எவர்சில்வர் பெட்டியில் கொடுப்பாள், சாப்பிட்டதும் வாங்குவாள், வீட்டில் கழுவிக் கவிழ்த்து வைப்பாள்.

முன்பதிவு இணையத்தளம் அவளுக்கு ஒரு பச்சை இலை கொடுத்திருந்தது. குப்பை போடாத, நல்ல மதிப்பெண் உள்ள பயணங்களுக்கு மட்டும் கிடைக்கும் முத்திரை அது. ஏரிக்கரையில் ஒரு விடுதி, அந்த இலை உள்ள பஸ்களை மட்டுமே உள்ளே விடும். ஒக்டோபரில் மேப்பிள் மரங்கள் நிறம் மாறும்போது அந்த விடுதிக்குப் போகும் பயணங்கள்தான் செலீனைக் குளிர்காலம் தாண்டவைப்பவை. மதிப்பெண் இறங்கினால் இலை போகும், இலை போனால் விடுதி போகும். பிறகு பஸ்ஸை விற்றுவிட்டு மறுபடி அந்தத் துவாய் அட்டையை நிமிர்த்தப் போகவேண்டியதுதான்.

"நாலு தசம் எட்டிலை இருந்து மூண்டுக்கு வந்திட்டுது அக்கா," என்றான் மாக்கஸ், போனிலிருந்து தலையைத் தூக்காமல். "எங்களோடை போட்டிக்கு ஓடுற றோயின்ர பஸ் நாலு தசம் ஒன்பது."

"உவன் றோய் பிளாஸ்ரிக் ரெஜிபோம் பெட்டியிலை கொத்துரொட்டி குடுத்துப் பத்தைக்குள்ளை எறிஞ்சுபோட்டு வாறவன். அவனுக்கும் இலை இருக்கோ?"

"பெரிய இலை."

செலீன் கார்ச் சாவியை எடுத்தாள். பெட்டி கொண்டுபோன கூட்டத்துக்குத் தலைவி யார் என்று அவளுக்குத் தெரியும். புனிதவதி அன்ரி பழைய மாணவர் சங்கத்தின் தூண். அவர் கண்ணசைத்தால் அஜக்ஸிலிருந்து மார்க்கம்வரை பிள்ளைகள் ரிவியூ எழுதப் போனைத் தூக்குவார்கள்.

நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் போகும்போதே செலீன் நாலு விதமாகச் சண்டை பிடித்துப் பார்த்து, நாலிலும் வென்றிருந்தாள். அஜக்ஸில் அன்ரியின் வீட்டுக் கதவு திறந்ததும் நாலும் மறந்துபோயின.

"வா பிள்ளை, இரு. தேத்தண்ணி குடிப்பம்."

"தேத்தண்ணி வேண்டாம் அன்ரி. என்ர பெட்டியள் வேணும்."

"முதல் இரன். பயித்தம் பணியாரம் சாப்பிடு."

பணியாரம் வந்த பாத்திரத்தைச் செலீன் தன் பக்கம் திருப்பினாள். மூடியில் வளைந்த எழுத்தில் 'செலீன் ரூர்ஸ்'.

"அன்ரி, உது என்ர பெட்டி!"

"ஓம், உன்ர பேர்தானே அடிச்சிருக்கு. பேர் அடிச்சுக் குடுத்தா அது கிஃப்ட். என்ர பேத்தி பெரியபிள்ளையான சாமத்திய வீட்டிலை குடுத்த பெட்டியிலையும் பேர், திகதி எல்லாம் அடிச்சுத்தான் குடுத்தனாங்கள். நாங்கள் என்ன, மண்டபத்துக்கு வெளியிலை நிண்டு திருப்பி வாங்கினனாங்களோ?"

"திருப்பி வாங்கத்தான் அன்ரி நான் பேரே அடிச்சது!"

"அப்ப உதைப் பார்." புனிதவதி போனை நீட்டினார். முகநூலில் தமிழ் விளம்பரம். சிவப்பு நாடா கட்டிய எவர்சில்வர் பெட்டி பளபளத்தது. மேலே: 'எம்மோடு பயணிக்கும் ஒவ்வொருவருக்கும் அழகிய எவர்சில்வர் பெட்டி! முந்துங்கள்!'

செலீன் அதை இரண்டு முறை வாசித்தாள். ஆங்கில விளம்பரத்தை அவள் பார்த்திருக்கிறாள். அதில் கழுவிப் பாவிப்பது பற்றியும் பூமி பற்றியும் அழகாக எழுதியிருந்தது. தமிழ் விளம்பரத்தை அவளுக்கு யாரும் காட்டவில்லை.

புனிதவதி அவள் முகத்தை எடைபோட்டுவிட்டுப் பேரத்துக்கு வந்தார். "இஞ்சை பார் பிள்ளை. 'அது கிஃப்ட்தான், நான் பிழையா எழுதிப்போட்டன்' எண்டு குறூப்பிலை ஒரு வசனம் போடு. பிள்ளையளிட்டைச் சொல்லி எல்லா ரிவியூவையும் நான் அழிப்பிக்கிறன். ஒக்டோபருக்குச் சங்கத்திலை இருந்து ஒரு பஸ் ஆக்களும் தாறன். அவைக்கும் ஒவ்வொரு பெட்டி குடுத்திடு."

"ஒவ்வொரு பயணத்துக்கும் புதுப் பெட்டியோ?"

"சனம் சந்தோசமாப் போகும்."

"அன்ரி, உங்கட வீட்டு பேஸ்மென்ரிலை உப்பிடி எத்தினை பெட்டி இருக்கு?"

புனிதவதி கொஞ்சம் யோசித்தார். "ஆர் எண்ணினது? ரெண்டு அலுமாரி நிறையக் கிடக்கு."

செலீன் எழுந்தாள். "யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள். பணியாரத்தைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாக்கஸ் அதே கதிரையில் அதே போனோடு இருந்தான்.

"சிவப்பு நாடா ஆர் கட்டினது?"

அவன் நிமிர்ந்தான். "அக்கா, குப்பை இல்லாத பயணம், சீரோ வேஸ்ற் எண்டு வசந்தம் முழுக்கப் போட்டுப் பாத்தன். எங்கட சனத்திலை ஒரு சீற் போகேல்லை. பெட்டி எண்டு போட்டன், பஸ் நிறைஞ்சுது. தாறம் எண்டு நான் எங்கையும் எழுதேல்லையே. அதுகளா விளங்கிக்கொண்டா நான் என்ன செய்ய?"

"நீ விளங்கட்டும் எண்டுதானே நாடா கட்டினனி!"

"சரி, விடு. இப்ப வழி சொல்லுறன். ஜெனிபர் மாதிரி இன்னும் கொஞ்சப் பேரை இறக்குவம். மதிப்பெண் தானா ஏறும்."

செலீன் இரவுச் சமையலுக்கு எடுத்த அகப்பையோடு அவன் பக்கம் திரும்பினாள். "ஜெனிபர் மாதிரி எண்டா?"

ஜெனிபர் ஒட்டாவாக்காரி. போன வருடம் ரிவியூ எழுதியவள். 'குப்பையை நினைத்து வெட்கப்படாமல் நான் போன முதல் பயணம் இது' என்று எழுதியிருந்தாள். பஸ் பழுதாகி நின்ற நாட்களில் செலீன் அதை எடுத்து வாசிப்பாள். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவர்களை மறித்து அதைக் காட்டியிருக்கிறாள். சுவாமியாருக்கும் காட்டியிருக்கிறாள்.

"மாக்கஸ். ஜெனிபர் ஆர்?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "நீ அப்ப சரியாச் சோர்ந்துபோய் இருந்தனி அக்கா..."

அகப்பை குளிர்சாதனப் பெட்டியில் பட்டு விழுந்தது. கதவில் விழுந்த பள்ளம் இன்றும் இருக்கிறது.

"எடேய், சுவாமியாருக்குக் காட்டினனானடா! சனத்துக்கு நாடா கட்டினாய், வெள்ளைக்காரருக்கு இலை கட்டினாய், எனக்கு ஜெனிபரைக் கட்டினாய். நீ விக்காத ஆளே இல்லையோ?"

"எல்லாரும் செய்யிறதுதான். றோய்..."

"றோயின்ர கதை எனக்கு வேண்டாம்!"

அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, தமிழில் சொல்லச் சொல்ல அவனையே ஆங்கிலத்தில் தட்ட வைத்தாள். ஒவ்வொரு ஒற்றை நட்சத்திரத்துக்கும் கீழே ஒரே பதில்: எங்கள் தமிழ் விளம்பரம் ஆக்களைப் பிழையாக நம்பவைத்தது. பெட்டி கொண்டுபோனவர்கள் யாரும் கள்ளர் அல்லர், அது இனி அவர்களுடையது. ஒட்டாவா ஜெனிபரை எழுதியது என் தம்பி.

"கடைசி வசனம் வேண்டாம் அக்கா. அதைப் போட்டா இலை போயிடும். ஒக்டோபர் போயிடும்."

"அந்தத் துவாய் அட்டையை எத்தினை வருசம் நான் நிமித்தி வைச்சனான் எண்டு உனக்குத் தெரியுமோ? அந்தப் பொய் என்ர பஸ்ஸிலை தொங்க வேண்டாம். அமத்து."

அவன் பட்டனை அழுத்தினான்.

இணையத்தளம் அந்த வாரமே நன்றியோடு பதில் போட்டது: போலி மதிப்புரை இருந்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டதால் பச்சை இலை நீக்கப்படுகிறது. விடுதியும் வருந்தியது. பிறகு செலீனின் ஒக்டோபர் ஞாயிறுகளை அப்படியே தூக்கி றோயிடம் கொடுத்தது. அன்று அவள் சமையலறையில் வைத்த சத்தத்துக்கு மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் குறூப்பில் அவளே எழுதினாள், மாக்கஸிடம் கொடுக்காமல். "ஒக்டோபர் முதல் ஞாயிறு பஸ் போகும். விடுதி இல்லை, ஏரிக்கரைப் பார்க்தான். புதுப் பெட்டி இல்லை. உங்கட வீட்டிலை கிடக்கிற பெட்டியைக் கழுவிக் கொண்டுவாங்கோ. பெட்டி இல்லாதவைக்குச் சாப்பாடு இல்லை." இந்தமுறை 'அன்பான', 'தயவுசெய்து' இரண்டையும் விட்டுவிட்டாள்.

அந்த ஞாயிறு பஸ் பாதிதான் நிறைந்தது. பாதி பஸ்ஸை வைத்துக்கொண்டு பெப்ரவரியைப் பார்க்க முடியுமா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஏறியவர்கள் எல்லோர் கையிலும் எவர்சில்வர் சத்தம் போட்டது. அரைவாசிக்கு மேல் செலீன் ரூர்ஸ் பெட்டிகள். மற்றவற்றில் யார் யாரோ மாப்பிள்ளை பெண்ணின் பெயர்களும், பூப்பெய்திய பிள்ளைகளின் திகதிகளும்.

கடைசியாக ஏறியவர் புனிதவதி அன்ரி. கையில் தோற்பை மட்டும்.

"பெட்டி எங்கை அன்ரி?"

"அதையேன் கேக்கிறாய். ஒரு கலியாண வீட்டுக்கு அவசரமா ஒண்டு தேவைப்பட்டுது. குடுத்திட்டன்."

"என்ர பேர் அடிச்ச பெட்டியையோ?"

"நல்ல பேர்தானே பிள்ளை. அலுமாரியிலை கிடக்கிறது நல்ல நாளுக்கு."

"அப்ப உங்களுக்குச் சாப்பாடு இல்லை."

"பகிடி விடாதை. நான் ரிவியூ போடுவன், தெரியும்தானே?"

"போடுங்கோ அன்ரி. இனி எடுக்கிறதுக்கு என்னட்டை இலையும் இல்லை."

மத்தியானம் ஏரிக்கரையில் வரிசை நின்றது. சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல். மாக்கஸ் அண்டா தூக்கினான். வரிசையின் கடைசியில் புனிதவதி வந்து நின்றார், யாரோ இரவல் கொடுத்த ஒரு பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு.

செலீன் அவர் முகத்தைப் பார்க்காமல் மூடிக்கு ஒரு அகப்பை சோறு வைத்தாள். ஒரு துண்டு இறைச்சி வைத்தாள்.

"இன்னும் ரெண்டு துண்டு வையன் பிள்ளை. அஞ்சு ஸ்ரார் போடுறன்."

செலீன் அகப்பையை அண்டாவுக்குள் விட்டு, அண்டாவை மூடினாள்.

"மூடிக்கு ஒரு துண்டுதான் அன்ரி. அடுத்த ஞாயிறு பெட்டியோடை வாங்கோ."