கட்டிலுக்கடியில் மோட்டார்

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. தோட்டத்துப் பெரியவர் எனக்கு வைத்துவிட்டுப் போன கூலி பாக்கி. அவர் செத்த மறுவாரமே நானும் மச்சானும் கிணற்று மோட்டாரைக் கழற்றிச் சுமந்துவந்து, என் கட்டிலுக்கடியில் சாக்கு போட்டு மூடிவிட்டோம். திருட்டில்லை. ஈடு.

தரிசாய்க் கிடந்த தோட்டத்துக்கு அவர் மகன் திரும்பி வந்தான். இனி விவசாயம்தானாம். நான் நம்பவில்லை. முள்ளை வெட்டினான், வீட்டுக்கு வெள்ளையடித்தான். விற்கிறவனும் முதலில் அதைத்தானே செய்வான்? என்னைக் கூலிக்குக் கூப்பிட்டான், அன்றன்றைக்குக் கொடுத்தான். பழைய பாக்கியைப் பற்றி மூச்சு விடவில்லை. மோட்டார் எங்கே என்று ஊரெல்லாம் விசாரித்தவன் என்னிடம் மட்டும் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

ஒருநாள் வீட்டுக்கே வந்து கட்டிலில் உட்கார்ந்தான். குதிகால் இரும்பில் ணங்கென்று பட்டது. குனிந்து பார்க்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

“அப்பா உங்களுக்கு எவ்வளவுண்ணே தரணும்?”

சொன்னேன்.

“இப்ப இல்ல. தண்ணி பாஞ்சாத்தான் வெங்காயம். வெங்காயம் வித்தாத்தான் பணம்.”

“எனக்குப் பணம் வந்தாத்தான் தண்ணி, தம்பி.”

தன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக் கட்டிலில் வைத்தான். ஈட்டுக்கு ஈடு.

ஓட்டத் தெரியாத மனுஷனுக்கு வண்டி எதற்கு, கோழி அடைக்கவா என்று கேட்டாள் என் வீட்டுக்காரி. மோட்டாரை அவன் கிணற்றுக்கு எடுத்துப் போனதும் வண்டி டேங்க்கைத் திறந்து பார்த்தேன். சொட்டுப் பெட்ரோல் இல்லை. ஏமாந்துவிட்டோமோ? தினமும் விடிந்ததும் கிணற்றடிக்குப் போய், மோட்டார் இருக்கிறதா, ஆள் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டேன். உர மூட்டையைத் தோளில் வைத்து அவன் டவுனிலிருந்து நடந்தே வருவான். அதுவும் நடிப்போ என்று தோன்றும்.

வெங்காயம் லாரி ஏறிய அன்று மூட்டை மேலேயே உட்கார்ந்து மண்டிவரை போனேன். மண்டிக்காரர் கொடுத்த பணத்திலிருந்து என் பாக்கியை அங்கேயே எடுத்துக் கையில் தந்தான். ரெண்டு தரம் எண்ணினேன். நாற்பதுகூடக் குறையவில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேவிட்டேன்.

“பெட்ரோல் இல்லாத வண்டியையா தம்பி ஈடா வெச்சீங்க?”

“நான்தாண்ணே எறக்கினேன். ஓட்டப் பழகி, வண்டியோட போயிட்டீங்கன்னா?”

பாக்கி தீர்ந்தது. அவன் ஹேண்டிலைப் பிடித்தான், நான் பின்னாலிருந்து தள்ளினேன்.