ரோஸ் மாத்திரை

புதுச்சட்டை செம்மலின் கைக்கு ஏறவில்லை. ஜிம்மிலிருந்து வந்த நாலு பேர் பிணத்தை உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ள, ஒருவன் இடது கையை நீட்டி இழுத்தான். தோள்பட்டையில் துணி பர்ரென்று கிழிந்தது. “பின்பக்கம் வெட்டிட்டு மாட்டுங்கப்பா. படுத்திருக்கறவன் முதுக யாரு பாக்கப் போறாங்க” என்றார் ஒரு பெரியவர். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தது அக்கா நிர்மலாதான். தம்பிக்கு என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது பார் என்று பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செம்மலுக்கு இருபத்தாறு வயது. கை மட்டும் பழைய கை. வயிறு நீர் கோத்து ஊதிக் கிடந்தது, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். ஆணழகன் போட்டிக்காக எண்ணெய் பூசி எடுத்த போட்டோவைத் தலைமாட்டில் மாலையோடு வைத்திருந்தார்கள். அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்த ஜனம் ஒரே முடிவுக்கு வந்திருந்தது. நெல்லித்தோப்பில் ஒருவன் ஈரல் கெட்டுச் செத்தால் சாராயக்கடைதான் காரணம். செம்மல் சோடாகூடத் தொடாதவன். அதை யார் கேட்கிறார்கள்?

அவன் எதைத் தொட்டான் என்று நிர்மலாவுக்குத் தெரியும். அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். மருந்துக்கடையில் ஒன்பது வருஷமாக நிற்கிறாள். அப்பா வேலை பார்த்த மில்லும் மூடி, அவரும் போய்ச் சேர்ந்தபின் அந்தச் சம்பளத்தில்தான் வீடு தலை நிமிர்ந்தது. “ஒடம்பு ஏற மாட்டேங்குதுக்கா. மத்த பசங்கல்லாம் இததான் போட்டுக்கறானுங்க” என்று செம்மல் ஒரு காலி அட்டையை நீட்டினான். ரோஸ் நிறக் குட்டி மாத்திரை, ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டில்லாமல் தரக்கூடாதது. ஊரான் பிள்ளைக்கென்றால் தந்திருக்க மாட்டாள். தம்பியாயிற்றே, தந்தாள்.

முதல் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை அவள் படிக்காமல் இல்லை. ஈரல் கெடும், ஆண்மை போகும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. ரெண்டு மாசம்தானே போடப்போகிறான் என்று நினைத்தாள். அடுத்த டப்பாவிலிருந்து காகிதத்தை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். பிள்ளை பயந்துவிடுவானாம். தம்பி மேடையில் நிற்பதைப் பார்க்க அவளுக்கும்தான் கொள்ளை ஆசை.

ரெண்டு மாசம் ஒரு வருஷமாயிற்று. கண் மஞ்சளானபோது அம்மா அஞ்சலாட்சி, காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள், உப்பில்லாமல் வடித்துப் போட்டாள். காலையில் கீழாநெல்லி, மத்தியானம் ரோஸ் மாத்திரை. போட்டிக்கு இருபது நாள்தான் இருந்தது, நிறுத்த மனசு வரவில்லை அக்காவுக்கும் தம்பிக்கும். ரத்தமாக வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். “ஒண்ணுமில்ல சார்” என்றாள் நிர்மலா. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

சட்டையை ஒருவழியாகப் போட்டுவிட்டு ஆண்கள் விலகிக்கொண்டார்கள். தலைமாட்டில் செம்மலின் பெண்டாட்டி தீபலட்சுமி உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி எட்டு மாசம். தலை கொள்ளாத பூவும் நெற்றி நிறையக் குங்குமமும் வைத்து உட்கார்த்தியிருந்தார்கள். அவள் அப்பா கலியபெருமாள், பாகூர்ப் பக்கத்து விவசாயி, பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பந்தல்கால் ஓரமாக நின்றார்.

பிணத்தை எடுக்குமுன் கட்டினவளிடம் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வயிற்றில் இருந்தால் ஊரறியச் சொல்லிவிட வேண்டும், நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது பாருங்கள். வயசான பொம்பளை ஒருத்தி காதோடு கேட்டுச் சொல்லுவது வழக்கம். செத்தவனுடைய அத்தை செல்வாம்பாள் தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

“ஏண்டி, தலைக்குக் குளிச்சி எத்தினி நாளாச்சி?”

“அஞ்சு நாளு” என்றாள் தீபலட்சுமி, குனிந்த தலை நிமிராமல்.

“கேட்டுக்குங்கடி. கல்லாட்டம் இருந்த புள்ளைய எட்டு மாசத்துல உறிஞ்சி எடுத்துட்டா. வயித்துல ஒரு புழு பூச்சி உண்டா? இவ கால வெச்ச அப்பறந்தான் அவன் குடிக்கவே போயிருக்கான்.”

“இந்தத் தரித்திரத்துக்கு எம் புள்ளைய வாரிக் குடுத்துட்டேனே” என்று அஞ்சலாட்சி மாரில் அடித்துக்கொண்டாள்.

நிர்மலா தரையைப் பார்த்தாள். ரெண்டு மாசத்துக்கு முன்னால் தீபலட்சுமி, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து வந்து நின்றிருந்தாள். “அண்ணி, அவரு எங்கிட்டயே வர மாட்டேங்கறாரு. தனியா ஒக்காந்து அழுவுறாரு. அதுக்கு எதுனா மருந்து இருக்குதா?” நிர்மலாவுக்கு அந்தப் பொடி எழுத்து ஞாபகம் வராமலா இருக்கும்? “போட்டி முடியட்டும், எல்லாம் சரியாப் பூடும்” என்று சொல்லி அனுப்பினாள். அன்று சாயங்காலமும் பையில் ஒரு டப்பாவோடுதான் வீட்டுக்குப் போனாள்.

இப்போது தீபலட்சுமி தலையைத் தூக்கி நேராக அவளைப் பார்த்தாள்.

“அண்ணி, நீங்க சொல்லுங்க.”

பந்தல் மொத்தமும் நிர்மலா பக்கம் திரும்பியது. அவன் குடிக்கவில்லை, இவள்மேல் குற்றமில்லை, நான் கொடுத்த மாத்திரை என்று சொன்னால் போதும். அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டால் அந்த முகம் இந்த ஜென்மத்தில் தன்னை ஏறிட்டுப் பார்க்காது.

“நான் என்னாத்த சொல்றது? உம் புருஷன். ஒனக்குத் தெரியாதது எனக்கென்னா தெரியும்?”

செல்வாம்பாளுக்கு அது போதும். “பொணம் போனதும் இவ அப்பங்கூடக் கெளம்பட்டும். கருமாதிக்கு வந்து தாலியக் கழட்டி வெச்சிட்டுப் போவட்டும். அதுவரைக்கும் இந்த வாசல்ல நிக்க வேணாம்.” எந்த வீட்டிலும் அப்படி அனுப்ப மாட்டார்கள். கூடாது என்று சொல்ல அந்தப் பந்தலில் ஒரு நாதி இல்லை. கலியபெருமாள் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பி வந்து வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். நிர்மலா வாசலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது தீபலட்சுமி ஒரே ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள். தெருவில் கலியபெருமாள் டி.வி.எஸ். வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனால் தேவலை என்றிருந்தது நிர்மலாவுக்கு.

“ஆஸ்பத்திரில எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு அண்ணி” என்றாள் தீபலட்சுமி, குரலைத் தாழ்த்தி. “மாத்திரைய அக்காதான் குடுத்துச்சின்னு நான் யாருகிட்டயும் சொல்லக் கூடாதாம். அதான் ஒங்களச் சொல்லச் சொன்னேன்.”

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. “வாம்மா, பொழுதோட போய்டலாம்” என்றார் கலியபெருமாள். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“நிர்மலா, போய்த் தொலஞ்சாளா அவ?” என்று உள்ளிருந்து அம்மா கேட்டாள்.

“போயிட்டாம்மா.”

“அவ நின்ன எடத்த நல்லா அலம்பி வுடு.”

நிர்மலா இன்னொரு வாளி மொண்டுவந்து ஊற்றினாள்.