வளர்ந்த வாசற்படி

நான் மருமகளாக வந்தபோது எங்கள் வாசலில் மூன்று படிகள். பழைய ரோட்டின் மேலேயே இரண்டு தடவை புது ரோடு போட்டதில் இப்போது மிஞ்சியது ஒன்றுதான், அதுவும் அரை அடி உயரம். இன்னொரு தடவை போட்டால் மழைத் தண்ணீர் நேராக ஹாலுக்கு வந்துவிடும்.

நகராட்சியில் ரோடு இன்ஜினியர் நான். பழைய தாரைச் சுரண்டி எடுத்து, அதையே உருக்கிக் கலந்து, ரோட்டை எங்கள் படிக்கு ஒரு அடி கீழே போட வேண்டும் என்று ஒரு வருடம் போராடி உத்தரவு வாங்கினேன். அளவுக்கு அடையாளமாக எங்கள் படியின் மேல் விளிம்பிலேயே சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.

சுரண்டும் மிஷின் இன்று ஒரு நாளைக்குத்தான் கிடைக்கும். காலையில் அளந்த கான்ட்ராக்டர் வாயெல்லாம் பல்லானார்.

"மேடம், உங்க கோட்டுக்கு ரோடு இப்பவே ஒரு அடி கீழதான் இருக்கு! சுரண்டவே வேணாம். லேசா மேல பூசிட்டுப் போயிடறோம்."

நானும் அளந்து பார்த்தேன். ஒரு அடியேதான். ஒரு வருட உழைப்பு! டிரைவரிடம் மிஷினைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டார் அவர்.

அப்போது பஸ் ஓட்டக் கிளம்பிய என் கணவர் வாசலில் கால் விரலை இடித்துக்கொண்டு அலறினார்.

"அம்மா! இந்தப் படி எப்பம்மா வளந்துச்சு?"

மாமியார் முந்தானையைத் திருகினார். "நீங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போயிட்டு நேத்து ராத்திரி வர்றதுக்குள்ள கொத்தனாரை வச்சு அரை அடி ஏத்தினேன்டா. முப்பது வருஷமா ரோடு ஏறித்தான் பாத்திருக்கேன். இறங்கும்னு யார் கண்டா?"

"என் சிவப்புக் கோடு, அத்தை?"

"அதை மறப்பேனா? மேல புதுசா போடச் சொல்லிட்டேன்ல!"

எங்கள் பழைய படி உயரமே உள்ள எதிர்வீட்டுப் படியில் டேப்பை வைத்துச் சரிபார்த்தேன். ரோட்டிலிருந்து சரியாக அரை அடிதான்.

"மிஷினைத் திருப்புங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கான்ட்ராக்டர் முகம் தொங்கிப்போனது.

மூன்றாம் நாள் ரோடு தயார். வாசலில் வந்து நின்ற மாமியார் கீழே பார்த்தார். ஒன்றரை அடிப் பள்ளம். ஒரு காலை நீட்டினார், இழுத்துக்கொண்டார்.

"சிரிக்காம கையைக் குடுடி. நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு நடுவுல ஒரு படி வைக்கணும்."

"தாராளமா வைங்க அத்தை," என்று கையைப் பிடித்து இறக்கினேன். "பெயின்ட் டப்பா மட்டும் என்கிட்டயே இருக்கட்டும்."